மியூனிக்கில் இருக்கப்போவது உங்கள் மகள், மாமா இல்லை

போன வாரம் சேலத்திலிருந்து ஒரு அப்பா பேசினார். மகள் உலோகவியல் பி.இ. கடைசி வருடம், ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்க ஆசை. அவர் கவலை படிப்பைப் பற்றி இல்லை. "மியூனிக்ல ரூமே கிடைக்காதாமே சார், புள்ள எங்க தங்கும்?" என்றார். பதறாதீங்க, எல்லாரும் போய்த் தங்கிக்கிட்டுத்தானே இருக்காங்க என்று நானும் வழக்கம்போல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே கூச்சமாகிவிட்டது. அவர் பயப்படுவது சரிதான். அங்கே அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் அந்த வாடகை இந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

சரி, ஏன் மியூனிக் என்று கேட்டேன். சித்தப்பா பையன் அங்கே சாஃப்ட்வேரில் இருக்கிறான், தாய்மாமா தரவரிசையைப் பார்த்துவிட்டார், பெரியம்மாவுக்கு ஊர் பெயரைச் சொன்னால் கல்யாண வீட்டில் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். போகிற போக்கில் உலோகத்தை விட்டுவிட்டு டேட்டா சயின்ஸுக்கு மாறிக்கொள்ளட்டும் என்றும் ஒரு யோசனை ஓடுகிறதாம். இத்தனை பேர் பேசியிருக்கிறார்கள், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்றேன். போனை அவளிடம் கொடுத்தார். எஃகுத் துண்டை மெருகேற்றி, அமிலத்தில் தொட்டெடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் ஒன்றுமில்லாத பரப்பில் கட்டம் கட்டமாக உருவம் எழுந்து வருமே, அதைப் பார்க்க லேபில் ராத்திரி வரை உட்கார்ந்திருப்பேன் என்றாள். எனக்கு அது போதும். டேட்டா சயின்ஸ் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

இனி பணம். மாணவர் விசாவுக்கு ஒரு வருடச் செலவை பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கவிடும் கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோவை நூறு ரூபாய் என்று போட்டாலே பன்னிரண்டு லட்சம். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். மியூனிக்கில் நாலு பேர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் 800 யூரோவை ஒட்டி வாடகை. மிச்சம் 192. மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கே ஏறக்குறைய 150 போய்விடும். மீதி நாற்பது சொச்சத்தில் ஒரு மாதம் சாப்பிட்டு, பஸ் ஏறி, போன் கட்டணமும் கட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். இதோடு விட்டதா என்றால் இல்லை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து (செமஸ்டர்) ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. நாலு பருவத்துக்குக் குறைந்தது பதினாறு லட்சம். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று பக்கத்து வீட்டில் சொன்னதெல்லாம் இந்த இடத்தில் செல்லாது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாம் என்று அந்த அப்பா மெல்லச் சொன்னார். கூடாது என்றேன். ஒரு ஊர்ப் பெயருக்காக இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைப்பதற்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

சித்தப்பா பையன் வீட்டில் தங்கிக்கொள்ளலாமே? இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். ஒரு வாரம் தங்கலாம். ஆனால் அங்கே குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும், அதை அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிக் காகிதம் வேண்டும். வாடகை வீட்டில் இன்னொரு ஆளை நிரந்தரமாகக் குடிவைக்க வீட்டுக்காரரிடம் கேட்டாக வேண்டும். புதிதாகக் கல்யாணமான பையன் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் எத்தனை மாதம் தங்கையைச் சோபாவில் படுக்க வைப்பான்? அவன் மனைவி என்ன சொல்கிறாள் என்று யாராவது கேட்டீர்களா?

மியூனிக்குக்குப் பதில் நான் சொன்னது ஃப்ரைபெர்க். தென்மேற்கில் இருக்கும் ஃப்ரைபுர்க் இல்லை, கிழக்கே சாக்சனி மாநிலத்தில் இருப்பது. ஒரு எழுத்துதான் வித்தியாசம், இரண்டுக்கும் நடுவில் நாடே கிடக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது கவனம். நாற்பதாயிரம் பேர் வாழும் சின்ன ஊர். வெள்ளிச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் என்பதால் 1765-லேயே அங்கே சுரங்கவியல் கல்விக்கூடம் தொடங்கிவிட்டார்கள், அதுதான் இன்றைய ஃப்ரைபெர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். நாம் பள்ளியில் தனிம அட்டவணையில் மனப்பாடம் செய்த இண்டியம் 1863-லும் ஜெர்மேனியம் 1886-லும் கண்டுபிடிக்கப்பட்டது அந்த ஊரில்தான். உலோகம் என்றால் கண் விரியும் ஒரு பெண்ணுக்கு இதைவிட எந்த ஊர் பொருத்தம்? பெரியம்மாவுக்குத் தெரியாத பெயர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிப் செய்யத் தேவையான மெல்லிய சிலிக்கான் தகடுகளை, அதாவது வேஃபர்களை, செய்யும் சில்ட்ரானிக் ஆலை அந்த ஊரிலேயே இருக்கிறது. ரயிலில் முக்கால் மணி நேரத்தில் டிரெஸ்டன், அங்கே இன்ஃபினியானும் குளோபல்ஃபவுண்ட்ரீஸும் சிப் செய்கின்றன. படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு என்பதால், வேலை இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது வெறும் வாடகைக் கணக்கு மட்டும் இல்லை.

வாடகைக்கு வருவோம். ஜெர்மனியில் மாணவர் விடுதிகளைக் கல்லூரி நடத்துவதில்லை, ஷ்டுடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்துகிறது. மியூனிக்கில் அவர்கள் விடுதிக்குப் பல பருவங்கள் காத்திருக்க வேண்டிவரும். ஃப்ரைபெர்க் போன்ற ஊர்களில் அந்த நெருக்கடி இல்லை, அறை பெரும்பாலும் 200-லிருந்து 350 யூரோவுக்குள் முடிந்துவிடும். கட்டில், மேசை, அலமாரி உள்ளே இருக்கும். சூடேற்றும் செலவும் மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் வாடகையிலேயே அடக்கம். வெளி வீட்டு விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருந்தால் இதெல்லாம் சேராத வெறும் வாடகை, 'வார்ம்' என்றால் சூடேற்றமும் தண்ணீரும் சேர்ந்தது, மின்சாரம் அப்போதும் தனியாக இருக்கலாம். சாக்சனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான படிப்புகளுக்குக் கல்விக் கட்டணமும் இல்லை, பருவக் கட்டணம் மட்டும்தான். நீங்கள் எடுக்கும் படிப்பின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விடுதி விண்ணப்பத்தைப் படிப்பு விண்ணப்பம் போட்ட கையோடு போடுங்கள். சேர்க்கைக் கடிதம் வந்தபிறகு பார்க்கலாம், விசா வந்தபிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள்தான் செப்டம்பரில் எனக்குப் போன் செய்து அழுகிறார்கள். பால்கனி வேண்டும், தனிக் குளியலறை வேண்டும் என்று விருப்பத்தைக் குறுக்காமல் எந்த அறையானாலும் சரி என்று டிக் அடிக்கட்டும், போனபிறகு மாற்றிக்கொள்ளலாம். பொதுச் சமையலறையில் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளிக்கச் சொல்லுங்கள். கடுகு வெடித்த புகைக்குத் தீ அலாரம் அடித்து விடுதியே கீழே இறங்கி நின்ற கதை என் மாணவர்களிடம் நிறைய இருக்கிறது. குளிர்காலத்திலும் தினம் சில நிமிடம் அறை ஜன்னலை அகலத் திறந்து மூட வேண்டும், இல்லையென்றால் சுவரில் பூஞ்சை படரும், காலி செய்யும்போது முன்பணத்தில் கைவைப்பார்கள்.

விடுதி அமையாவிட்டால் கிழக்கு ஜெர்மனியில் இன்னொரு வழி, வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள். தரகர் கிடையாது, முன்பணத்துக்குப் பதில் பங்குத் தொகை கட்டினால் காலி செய்து சங்கத்திலிருந்து விலகியபிறகு திரும்பத் தருவார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து எடுக்கலாம். அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும்கூட இல்லாத மொட்டைச் சமையலறையாக இருக்கலாம், கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். தனியார் வீடு என்றால் முன்பணம் மூன்று மாத 'கால்ட்' வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அதையும் மூன்று தவணையில் கட்டலாம். நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று எவராவது எழுதினால் பதிலே போடாதீர்கள். முகவரி பதிய முடியாது, வாடகை மட்டும் குறைவு என்பவரும் வேண்டாம்.

குறை இல்லாத ஊர் என்று நான் சொல்லவில்லை. சின்ன ஊரில் பகுதிநேர வேலை குறைவு, கடைக்காரரிடம் ஜெர்மன்தான் பேச வேண்டும், ஆகவே கிளம்புவதற்குள் ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற இரண்டாம் நிலையை முடிக்காமல் அனுப்பாதீர்கள். 2024 சாக்சனி தேர்தலில் வந்தேறிகளை எதிர்க்கும் கட்சி முப்பது சதவீத ஓட்டு வாங்கியது. அங்கே படிக்கும் இரண்டு மூன்று இந்தியப் பெண்களிடம் உங்கள் மகளே நேரில் பேசி, ராத்திரி லேபிலிருந்து நடந்து வருவது எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும். மாமா கேட்க வேண்டாம்.

அப்பா கடைசியாக, டிக்கெட் சனிக்கிழமை மலிவாக இருக்கிறது, போட்டுவிடட்டுமா என்றார். விடுதிச் சாவி ஹவுஸ்மைஸ்டர் என்ற பராமரிப்பாளர் கையில், அவர் வேலை நாளில் குறிப்பிட்ட நேரம்தான் இருப்பார். சனிக்கிழமை ராத்திரி இரண்டு பெட்டியோடு போய் இறங்கினால் கதவு பூட்டியிருக்கும், மறுநாள் ஞாயிறு என்று கடையும் இருக்காது. திங்களோ செவ்வாயோ காலையில் போய்ச் சேருகிற மாதிரி பாருங்கள், போர்வையும் தலையணை உறையும் பெட்டியில் மேலாக இருக்கட்டும் என்றேன்.