அந்த விசையைக் கொடுப்பது யார்?

கேள்வி: பந்தை நேராக மேலே எறிந்தால் உச்சியில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தானே கீழே வருகிறது? அந்தக் கணத்தில் முடுக்கம் சுழி என்று எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது. படமும் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?
– பதினோராம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

உன் விடையில் பாதி சரி அம்மா. உச்சியில் திசைவேகம்தான் சுழி, முடுக்கம் சுழி இல்லை. திசைவேகம் வினாடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முடுக்கம். நான் பாடம் நடத்திய காலத்திலும் வகுப்பில் பாதிப் பேர் நீ எழுதியதையே எழுதுவார்கள்.

உச்சிக்கு 0.1 வினாடி முன்னால் பார். பந்து வினாடிக்கு 0.98 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. உச்சியைத் தாண்டி 0.1 வினாடி கழித்து அதே 0.98, ஆனால் கீழ்நோக்கி. ஆக, 0.2 வினாடிக்குள் திசைவேகம் 1.96 மாறிவிட்டது. வகுத்துப் பார், 9.8 வரும். காற்றுத் தடையை விட்டுவிட்டால், கையை விட்டதிலிருந்து திரும்பக் கைக்கு வரும்வரை இதே 9.8தான். திசையும் எப்போதும் கீழ்நோக்கித்தான். உச்சியில் முடுக்கமும் சுழியாகிவிட்டால் பந்து அந்தரத்திலேயே நிற்க வேண்டியதுதான்!

சரி, தப்பின் வேர் உன் படத்தில் இருக்கிறது. மேலே போகும் பந்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டு 'எறிந்த விசை' என்று எழுதியிருக்கிறாய். அந்த விசையைக் கொடுப்பது யார்? தொட்டுக்கொண்டிருந்தவரை கை கொடுத்தது. விட்ட பிறகு? பந்தைத் தொடுவது காற்று மட்டும், தொடாமல் இழுப்பது பூமி மட்டும். கை கொடுத்த வேகம் பந்திடம் இருக்கிறது, விசை இல்லை. கொடுப்பவர் யாரென்று சொல்ல முடியாத விசையைப் படத்தில் போடவே கூடாது. இயக்கவியலில் நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டது இதை மட்டும்தான். சூத்திரமெல்லாம் அதற்கு அப்புறம்.

எறிந்தவன் கொடுத்த ஏதோ ஒன்று பொருளுக்குள் தங்கி அதைக் கொண்டுபோகிறது என்று 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பிலோபோனஸ் என்ற தத்துவ அறிஞர் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பூரிடான் என்ற அறிஞர் அதை இன்னும் விரித்தார். கலிலியோவும் நியூட்டனும் வந்து அதை மாற்ற 17ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று. அவ்வளவு பெரியவர்களுக்கே அப்படித் தோன்றியிருக்கிறது, நீ வருத்தப்படாதே. அம்புக்குறியை மட்டும் அழித்துவிடு.

கேள்வி: பஸ் சடன் பிரேக் போட்டதும் நம்மை முன்னால் தள்ளுவது எந்த விசை?
– பத்தாம் வகுப்பு மாணவன், சங்கரன்கோவில்

எந்த விசையும் தள்ளவில்லை தம்பி. உன் முதுகில் யாரும் கை வைக்கவில்லையே. பஸ் மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால் நீயும் வினாடிக்கு 10 மீட்டர் போய்க்கொண்டிருக்கிறாய். பிரேக் போட்டதும் பஸ்ஸின் தரை உராய்வால் உன் செருப்பைப் பின்னால் இழுக்கிறது, கால் மெதுவாகிறது. இடுப்புக்கு மேலே அந்தச் சேதி போய்ச் சேரவில்லை, பழைய வேகத்திலேயே போகிறது. அதுதான் நிலைமம். கம்பியைப் பிடித்துக்கொண்டால் கம்பி உன்னைப் பின்னால் இழுக்கிறது. அது நிஜமான விசை, கொடுப்பது கம்பி. மேல் வகுப்பில் பஸ்ஸுக்குள் இருந்தபடியே கணக்குப் போட 'போலி விசை' ஒன்று வரும். பெயரிலேயே போலி என்று இருக்கிறது, பயப்படாதே.

கேள்வி: விண்வெளியில் காற்றே இல்லை. ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு முன்னே போகிறது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஓசூர்

தன் வயிற்றில் எரிந்த வாயுவையே. ராக்கெட் வாயுவைப் பின்னால் தள்ளுகிறது, வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. வெளியே காற்று தேவையே இல்லை. 1920இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் இதே சந்தேகத்தைக் கிளப்பி, ராக்கெட் முன்னோடி கோடார்டைக் கேலி செய்தது. அப்போலோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, திருத்தம் போட்டார்கள்.

கேள்வி: மகன் பைக்கில் 80இல் பறக்கிறான். கேட்டால், "டிஸ்க் பிரேக் இருக்கு, உடனே நிக்கும்" என்கிறான். நிற்குமா ஐயா?
– ஒரு தாய், நாமக்கல்

நிற்காது அம்மா. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். வண்டியைப் பின்னால் இழுத்து நிறுத்துவது தார்ச்சாலை, டயரோடு அதற்கு இருக்கும் உராய்வு. எவ்வளவு விலையுள்ள பிரேக் ஆனாலும் சாலை கொடுக்கிற விசைக்கு மேல் வாங்க முடியாது. உராய்வுக் குணகம், அதாவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பின் அளவு, 0.7 என்று வைத்துக்கொள்வோம். 40இல் போனால் பிரேக் பிடித்ததிலிருந்து 9 மீட்டரில் நிற்கலாம். 80இல் 18 இல்லை, 36 மீட்டர்! வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. அதற்கு முன்னால், கண் பார்த்துக் கை பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆனால், அதற்குள்ளேயே வண்டி 22 மீட்டர் ஓடியிருக்கும். ஆக மொத்தம் 58. மழையில் உராய்வு பாதியானால் அந்த 36, 72 ஆகிவிடும். பையன் கையில் பேனாவைக் கொடுத்து அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.