மிஸ்ஸியிடம் கேளுங்கள்: படுத்தால் 172, நின்றால் 96

கேள்வி: மிஸ்ஸி அக்கா, எனக்கு 61 வயது. பல வருடமாகச் சர்க்கரை, பிரஷருக்கு இரண்டு மாத்திரை. கொஞ்ச காலமாக ராத்திரி படுத்தபடி அளந்தால் 172, காலையில் அடுப்படியில் நிற்கும்போது அளந்தால் 96. மூங்கில் கழியில் துணி கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டும்போது கண் இருட்டுகிறது, பிடரியும் தோளும் கடுக்கிறது, போய்ப் படுத்தால் போய்விடுகிறது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) உட்கார வைத்து அளந்தால் 134, நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர் மட்டும் ஆட்டோனமிக் நரம்பு கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அந்தத் தேதி வர இன்னும் நாள் இருக்கிறது. வீட்டுக்காரர், "நீயே அளந்து அளந்து ஏத்திக்கிற" என்கிறார். எந்த எண்ணை நம்புவது? மாத்திரையை நிறுத்தலாமா?
வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மூன்றையுமே நம்புங்கள் அக்கா. படுத்தால் ஒரு பிரஷர், நின்றால் ஒரு பிரஷர் என்று ஆகிவிட்டது உங்களுக்கு. மருந்தகத்தில் உட்கார வைத்து அளந்தவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் இருப்பது கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம், வெளியே அத்தனை பேர் நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொருவரையும் படுக்க வைத்து நிற்க வைத்து அளக்க எங்கே நேரம்? ஆனாலும் நெடுநாள் சர்க்கரைக்காரர் தலை சுற்றுகிறது என்று சொன்னால் ஒரு தடவையாவது நிற்க வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். வார்டில் தாதியாக இருந்த காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் வலித்தது.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்து ரத்தக் குழாயிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயிலும் அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கிற நரம்பு முனைகள் உண்டு. அவை மூளைக்குச் சொல்ல, மூளை இதயத்தைக் கொஞ்சம் விரட்டி, ரத்தக் குழாய்களை இறுக்கி, நமக்குத் தெரிவதற்குள் சரிசெய்துவிடும். அந்த வேலையைப் பார்க்கிற தானியங்கி (ஆட்டோனமிக்) நரம்புகளைச் சர்க்கரை மெதுவாக அரித்துவிடுகிறது. பார்க்கின்சன் நோயிலும் இப்படி நடக்கும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள்.

இதே நரம்புக் கோளாறு உள்ளவர்களில் பலருக்குப் படுத்தால் பிரஷர் ஏறும். காலில் தேங்கியது மேலே வந்துவிடுகிறது, அதைத் தணிக்க வேண்டிய நரம்பு வேலை செய்வதில்லை. ஏறிய பிரஷரில் சிறுநீரகம் ராத்திரி முழுக்க உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் ராத்திரி நாலைந்து தடவை பாத்ரூமுக்கு எழுந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விடியும்போது உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும், அதனால்தான் காலை நேரம் உங்களுக்கு மோசம். பிடரியும் தோளும் கடுப்பது கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லித் தைலம் தேய்த்திருப்பீர்கள். நிற்கும்போது வந்து படுத்தால் போகிற வலி என்றால், அந்தத் தசைகளுக்கு ரத்தம் ஏறவில்லை என்பதாகவும் இருக்கலாம். டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். துணிக் கழியை நீட்டும் வேலையைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்காரரிடம் கொடுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பது இந்தக் கோளாறுக்கு ஆகவே ஆகாது, அதுவும் ஜன்னல் ஓரத்தில்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. 96-ஐப் பார்த்துப் பயந்து நிறுத்தினால் ராத்திரி 172 இன்னும் மேலே போகும். இதயத் துடிப்பைத் தணிக்கும் அட்டெனலால், பிசோப்ரலால் மாதிரி மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் இதயம் தறிகெட்டு அடிக்கும். பெரும்பாலும் மாற்ற வேண்டியது மாத்திரையின் வகையையும் வேளையையும்தான்: காலையில் போடுவதை ராத்திரிக்குத் தள்ளலாமா, நீர் மாத்திரை தேவையா என்று மருந்தகத்துக்கு இப்போதே போய்க் கேளுங்கள், பெரிய ஆஸ்பத்திரித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் போடுகிறீர்களா? நெடுநாள் போட்டால் பி12 வைட்டமின் குறையும், அந்தக் குறையும் நரம்பைக் கெடுக்கும். அது ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடியது, அதனால் ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. அவர் பேச்சில் கால் பங்கு நியாயம் உண்டு. பயத்தோடு பத்து தடவை அளந்தால் பத்து எண் வரும். 172 ராத்திரி எடுத்தது, 96 காலையில் எடுத்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்தால் அது சோதனை ஆகாது. ஒரே நேரத்தில் எடுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், கோப்பி குடிக்குமுன், ஐந்து நிமிடம் சும்மா படுத்திருந்து ஒரு தடவை. பட்டையைக் கழற்றாமல் எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும், தலை சுற்றினால் அந்தக் கணமே உட்கார்ந்துவிடுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, ராத்திரி படுத்தபின் ஒரு தடவை. ஒரு வாரம் போதும், அப்புறம் மெஷினை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

நாடித் துடிப்பையும் எழுத மறக்காதீர்கள். எல்லாரும் விட்டுவிடுவது அதைத்தான். பிரஷர் இவ்வளவு இறங்கியும் நாடி ஏறவே இல்லை என்றால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கிறது. நாடி விறுவிறுவென்று ஏறினால் தண்ணீர்க் குறைவு, ரத்தச்சோகை, மருந்து என்று வேறு பக்கம் தேடுவார்கள். பிசோப்ரலால் போடுகிறவர்களுக்கு நாடி இயல்பாகவே அடங்கியிருக்கும், அதனால் மாத்திரைப் பெயர்களையும் அதே தாளில் எழுதுங்கள். கண் இருட்டும்போது விரல் குத்திச் சர்க்கரையையும் பாருங்கள். நரம்பு கெட்டவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வருகிற நடுக்கமும் படபடப்பும் வராமலே போகலாம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது: கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும், உடம்பு முழுக்கச் சரிவாக இருக்க வேண்டும். பகலில் தூக்கம் வந்தால் சாய்வு நாற்காலி, தரையில் மல்லாந்து படுப்பது வேண்டாம். காலையில் எழுமுன் அரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சாகக் குடித்தால் கால் மணி, அரை மணிக்குள் பிரஷரை மேலே தூக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். இது பாட்டி வைத்தியம் இல்லை, நரம்புக் கோளாறு உள்ளவர்களிடம் சோதித்துப் பார்த்தது. ஆனால் இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் இதைச் செய்யாதீர்கள். உப்பைக் கூட்டச் சொல்லும் வீடியோக்களை நம்பி உங்கள் வயதில், உங்கள் சர்க்கரையோடு, ராத்திரி 172-ஐ வைத்துக்கொண்டு நீங்களாக உப்புப் போடவே வேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டில்ட் டெஸ்ட் செய்யலாம். மேசையில் பட்டை போட்டுக் கட்டி, இசிஜி மாட்டி, மேசையை 60, 70 டிகிரிக்குச் சாய்த்து நிறுத்துவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மயக்கம் வந்தாலும் பக்கத்திலேயே ஆள் நிற்பார்கள். மூச்சை இழுத்து விடச் சொல்வது, குழாயில் ஊதச் சொல்வது என்று இன்னும் சில சோதனைகளும் இருக்கும். பிரஷரை ஏற்றுகிற மிடோட்ரின் என்ற மாத்திரை கொடுத்தால் ஒரே விதி: போட்ட பிறகு நாலு மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது, மாலைக்கு மேல் அதைத் தொடவும் கூடாது. மருந்தகக் கடிதத்தோடு போனால்தான் மானியக் கட்டணம், அதனால் அவசரப்பட்டுத் தனியாரிடம் நேரே ஓடிச் செலவழிக்குமுன் தேதியை முன்னே தள்ள முடியுமா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். யாராவது ரத்து செய்தால் இடம் கிடைப்பதுண்டு. நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், தாங்க முடியாத தலைவலி வந்தால் மட்டும் தேதி, கடிதம் எதையும் பார்க்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995.

கேள்வி: அக்கா, வயது 24. போன வருடம் கோவிட் வந்துபோனதிலிருந்து எம்ஆர்டி ரயிலில் நின்றாலே நெஞ்சு படபடக்கிறது, கை வாட்ச் 130 காட்டுகிறது. உட்கார்ந்தால் 80-க்கு வந்துவிடும். பிரஷர் நார்மல். போன கிளினிக்கில் பதற்றம் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார்கள். இளவயதுக்காரி, ரிசர்வ் சீட்டில் உட்காரவும் கூச்சமாக இருக்கிறது.
வாசகி, பொங்கோல்

பதில்: பதற்றம் என்றால் உட்கார்ந்திருக்கும்போதும் வரும், தங்கச்சி. நின்றால் வந்து உட்கார்ந்தால் போகிறது என்கிறபோதே ஒருவர் உங்களை நிற்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிரஷர் இறங்காமல், நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30-ஓ அதற்கு மேலோ கூடி, இது மாதக்கணக்கில் நீடித்தால் பாட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 40 என்று கணக்கு. இளம் பெண்களிடம்தான் அதிகம், வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வருவதும் தெரிந்த விஷயம்தான். அதை முடிவு செய்யுமுன் இரும்புச் சத்து, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பெண்களில் எத்தனை பேர் ரத்தச்சோகையோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் நிறைய, இடுப்பு வரை வரும் இறுக்கமான காலுறை, டாக்டர் சம்மதித்தால் உப்பு கூடுதலாக. உப்பு விஷயத்தில் ஈசூன் அக்காவுக்குச் சொன்னதும் உங்களுக்குச் சொல்வதும் நேர் எதிர், வயதும் நோயும் வேறு. உடற்பயிற்சி கட்டாயம் வேண்டும், ஆனால் ஓட்டம் வேண்டாம். நீச்சல், சாய்ந்து மிதிக்கும் சைக்கிள் என்று படுத்த வாக்கில் தொடங்கி மாதக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். நம் ஊர் வெயில் ரத்தக் குழாயை விரித்துவிடும், சுடுநீர்க் குளியலும் அப்படித்தான். ரயிலில் நிற்க நேர்ந்தால் காலைக் குறுக்காகப் பின்னித் தொடையை இறுக்குங்கள், படபடப்பு கொஞ்சம் அடங்கும். எம்ஆர்டி நிலையச் சேவை முகப்பில் கேட்டால் உட்கார இடம் வேண்டும் என்று எழுதிய ஸ்டிக்கர் கொடுப்பார்கள், உங்களைப் போல வெளியே தெரியாத நோய் உள்ளவர்களுக்காகத்தான் அது. கூச்சமா, மயங்கி விழுவதா என்றால் கூச்சப்பட்டுக்கொண்டே உட்காருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 76. சிராங்கூன் சாலையில் வாழை இலைச் சாப்பாடு முடிந்து கை கழுவ எழுந்தவர் அப்படியே சரிந்தார், இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிட்டார். சோற்று மயக்கம் என்று அத்தை சொல்கிறார். பிரஷர் மாத்திரையும், சிறுநீர் சரியாகப் போக ஒரு மாத்திரையும் போடுகிறார்.
வாசகர், பிடோக்

பதில்: அத்தை பாதி கண்டுபிடித்துவிட்டார். சாப்பிட்டதும் ரத்தம் குடல் பக்கம் போகிறது, வயதானவர்களுக்கு அதை ஈடுகட்டும் வேகம் குறைவு, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மேல் எண் 20, 30 இறங்கிவிடும். சோறு, பாயசம், இனிப்பு என்று ஒரே இலையில் வைத்தால் இறக்கம் கூடுதல். அதோடு அந்தச் சிறுநீர் மாத்திரை. ஆண்களுக்கு புரோஸ்டேட்டுக்காகக் கொடுக்கிற டெராசோசின், டாம்சுலோசின் வகைகள் ரத்தக் குழாயையும் தளர்த்தும், டெராசோசின் அதிகமாகவே. எந்த மாத்திரை என்று அட்டையைப் பார்த்து, எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு இந்த வாரமே டாக்டரிடம் எடுத்துப் போங்கள். விழுந்தது விழுந்ததுதான், தெளிந்துவிட்டார் என்று விடக் கூடாது, இசிஜி ஒன்று எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவராக இருந்து தலையில் அடிபட்டிருந்தால், பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் உடனே அவசரப் பிரிவு. சாப்பாட்டைச் சிறிது சிறிதாக நாலைந்து வேளையாகப் பிரியுங்கள், சோற்றைக் குறைத்துக் காய், மீன், முட்டையைக் கூட்டுங்கள், சாப்பிடுமுன் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர், முடிந்ததும் அரை மணி உட்கார்ந்தே பேசிக்கொண்டிருக்கட்டும். கை கழுவ அவசரம் இல்லை, ஈரத் துணி கொடுங்கள்.

கேள்வி: மணிக்கட்டில் கட்டுகிற பிரஷர் மெஷின் வாங்கலாமா? என்னுடையது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டுகிறது.
வாசகர், ஜூரோங்

பதில்: மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள், பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குச் சரியா என்று பெட்டியில் பார்த்து. சிறிய பட்டை பெரிய எண்ணைக் காட்டும். புது மெஷினிலும் தாறுமாறாக வந்தால் கோளாறு மெஷினில் இல்லாமல் இதயத் துடிப்பில் இருக்கலாம், சீரில்லாமல் துடித்தால் மெஷின் குழம்பும். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், விட்டு விட்டு, முன்னும் பின்னுமாக அடித்தால் மெஷின் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.