கல்லூரியை விட்டுவிட்டுச் சீனியர் டிவிஷனில் ஆடப் போகலாமா?

கேள்வி: "என் தம்பிக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சென்னை கால்பந்து லீக்கில் சீனியர் டிவிஷன் ஆடும் கிளப் ஒன்று, மாதம் 8,000 ரூபாய் தருவதாகச் சொல்லி அவனை அழைத்திருக்கிறது. படிப்பை நிறுத்திவிட்டு ஒரு சீசன் ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை கிடைத்துவிடும் என்கிறான். அனுப்பலாமா?"

ஆட அனுப்புங்கள், ஆனால் கல்லூரியை விட விடாதீர்கள். இந்தக் கேள்வியை என் வீட்டில் யாராவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் என் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியிருக்கும். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடிக்காரன். முல்லை நகர் மைதானத்தில் வளர்ந்தவன். சீனியர் டிவிஷனில் ஒரு முழு சீசன் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது தற்காப்பின் நடுவில் நிற்பவனாக ஆடினேன். கிளப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களில் பலர் தங்கள் கைக்காசைப் போட்டு அணியை நடத்தியவர்கள் என்பதால், அவர்களை அவமானப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை.

அந்த சீசன் எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் உங்கள் தம்பி எதைத் தேடிப் போகிறான் என்பது உங்களுக்குப் புரியும். மாதவரத்தில் ஒரு கூரியர் கிடங்கில் இரவு வேலை முடித்து, விடியற்காலையில் நேராகப் பயிற்சிக்குப் போவேன். பயிற்சி முடிந்ததும் இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம். ஆட்ட நாளில் வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, பெரியமேட்டில் உள்ள நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போவோம். மதியம் இரண்டு மணி ஆட்டம் என்றால், மே மாத வெயிலில் புல்தரையிலிருந்து எழும் அனல் பூட்ஸைத் தாண்டிக் காலில் ஏறும். பல்லாயிரம் பேர் அமரக்கூடிய அந்த அரங்கத்தில் சில நூறு பேர்தான் இருப்பார்கள். ஆனாலும் சுரங்க வழியாக வெளியே வந்து மைதானத்தில் முதல் காலடி வைத்த நொடியை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. அதை எந்தச் சம்பளத்தோடும் ஒப்பிட மாட்டேன்.

எங்களைப் போன்ற கிளப் அணிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), தெற்கு ரயில்வே என்று அலுவலக அணிகள். அந்த ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதிய நம்பிக்கையும் இருந்தன, எங்களுக்கு அடுத்த வாரச் செலவுக்கு என்ன வழி என்ற கவலை இருந்தது. களத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அவர்கள் பதற்றப்படுவதில்லை. ஒரு துறை அணியின் முன்கள ஆட்டக்காரர் ஒருவரை நான் 90 நிமிடம் குறியாகப் பின்தொடர்ந்தேன். முப்பத்தைந்து வயதை நெருங்கியவர், ஓட்டம் குறைந்துவிட்டது, ஆனால் பந்து வருவதற்கு முன்பே உடம்பைக் குறுக்கே வைத்து என்னை ஒதுக்கிவிடுவார். ஆட்டம் முடிந்ததும் அவரே என் தோளில் கைபோட்டுக் கேட்டார்:

"தம்பி, நல்லா ஆடுற. ஃபார்ம் டூ வச்சிருக்கியா?"

"அப்படின்னா என்னண்ணே?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஸ்டேட் டீமுக்கு ஆடு தம்பி. சந்தோஷ் டிராபி ஒண்ணு ஆடிட்டா போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சந்தோஷ் டிராபி என்பது மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டி. மேற்கொண்டு கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டதன் விலையை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த சீசனின் கடைசி வாரங்களில், மாநில அணித் தேர்வு முகாமுக்கு எங்கள் கோல்கீப்பரின் பெயரும் என் பெயரும் வந்தன. அதே நாட்களில்தான் எங்கள் கடைசி லீக் ஆட்டம். குறைந்தது டிரா செய்தாக வேண்டும், தோற்றால் சீனியருக்கு அடுத்த கீழ்ப் பிரிவான முதல் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம். கீப்பர் முகாமுக்குப் போய்விட்டான், கிளப்பில் அவனைத் துரோகி என்றே பேசினார்கள். என்னிடம் நிர்வாகி வீட்டுக்கே வந்து, அம்மா முன்னால் உட்கார்ந்து பேசினார். "கேம்புக்குப் போனா எடுப்பாங்கன்னு என்ன நிச்சயம்? நீயும் போயிட்டா நாம இறங்கிடுவோம்பா. நிலுவைச் சம்பளத்தோட தனியா 15,000 தர்றேன்." நான் இருந்துவிட்டேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியாது. கோலில் நின்றது 17 வயதுப் பையன், அவனுக்கு அதுதான் முதல் சீனியர் ஆட்டம். முதல் பாதி முழுவதும் அவன் கைகள் நடுங்கியதை நான் பார்த்தேன். ஒவ்வொரு கார்னருக்கும் அவன் முன்னால் போய் நின்று, "நீ வெளிய வா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவன் கையிலிருந்து நழுவிய பந்து கோல் கோட்டை நோக்கி உருண்டது. நான் சறுக்கிக்கொண்டு போய் அதைக் கோட்டின் மேலேயே உதைத்து வெளியே தள்ளினேன். தொடையில் இடுப்புவரை தோல் உரிந்திருந்தது அறைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 0-0. நாங்கள் டிவிஷனில் தங்கிவிட்டோம். அந்தப் பையன் என் ஜெர்சியைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் விளையாட்டு வாழ்க்கையில் நான் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் அதுதான், அதற்காக ஒருபோதும் வருந்த மாட்டேன்.

நான் வருந்துவது வேறொன்றுக்காக. முதல் இரண்டு மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தது. பிறகு "சீசன் முடிஞ்சதும் மொத்தமா" என்றார்கள். முடிந்ததும் பாதிதான் வந்தது, தனியாகத் தருவதாகச் சொன்ன 15,000 வரவே இல்லை. கேட்கப் போனபோது, என் பெயர் அமெச்சூர் என்றுதான் பதிவாகியிருக்கிறது, கொடுத்தது எல்லாம் படிக்காசு என்று பதில் வந்தது. நிர்வாகி சொன்னதில் விதிப்படி பொய் இல்லை. ஃபிஃபாவின் விதியில் இரண்டே வகைதான். கிளப்போடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் வைத்து, ஆட்டத்துக்கு ஆகும் செலவைவிட அதிகமாகப் பணம் பெறுகிறவர் புரொஃபஷனல், மற்ற எல்லோரும் அமெச்சூர். 'செமி புரொஃபஷனல்' என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அப்படி ஒரு மூன்றாவது வகை அங்கே கிடையாது. கையெழுத்தான தாள் இல்லாத 8,000 ரூபாய் வாக்குறுதியை வைத்துக்கொண்டு உங்கள் தம்பி எந்தக் கதவையும் தட்ட முடியாது.

இனி வேலை விஷயம். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் தகுதி என்பது நாட்டுக்காக, மாநிலத்துக்காக, பல்கலைக்கழகத்துக்காக அல்லது மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியதற்கான சான்று. அவற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை படிவங்கள் உண்டு. தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3. அந்த அண்ணன் என்னிடம் கேட்ட 'ஃபார்ம் டூ' இதுதான். நகர லீக்கில் எத்தனை சீசன் ஆடினாலும் அதற்கென ஒரு படிவம் கிடையாது. ரயில்வேயிலும், மாநில அரசின் 3 சதவீத ஒதுக்கீட்டிலும், எந்தெந்தப் போட்டிகள் ஏற்கப்படும் என்று தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு அறிவிக்கையையும் வரி விடாமல் படியுங்கள். முகாமுக்குப் போன எங்கள் கீப்பர் மாநில அணியில் இடம்பெற்றான், படிவம் 2 வாங்கினான், இன்று ஒரு துறை அணியின் ஜெர்சியில் ஆடுகிறான். நான் அந்த ஆண்டு படிப்பைப் பாதியில் விட்டிருந்ததால் படிவம் 3-க்கான வழியையும் நானே அடைத்திருந்தேன்.

முகாமுக்குப் போயிருந்தாலும் உன்னை எடுத்திருக்க மாட்டார்கள் என்று யாராவது எழுதுவார்கள். இருக்கலாம், எடுத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்காமலே விட்டுக்கொடுத்துவிட்டேன் என்பதுதான் என் வேதனை. வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ் வரவில்லையா, 2018-இல் சென்னையின் எஃப்.சி. அணி ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்றபோது அரையிறுதியில் கோல் போடவில்லையா என்றும் கேட்பார்கள். வந்தார், போட்டார், எங்கள் பகுதிக்கே அது பெருமை. நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் போட்டபோது நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு நந்தகுமாருக்கும் பின்னால், அதே மைதானத்தில் அதே வேகத்தில் ஓடி, கையில் ஒரு தாளும் இல்லாமல் முப்பது வயதில் வீட்டுக்குத் திரும்பியவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். அவர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்ல என் வாய் வராது.

லீக் ஆட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தேர்வாளர்கள் கண்ணில் படும் இடம் அதுதான். 19 வயதில் 35 வயதுக்காரர்களோடு முட்டி மோதி அவன் கற்றுக்கொள்வதை எந்தப் பயிற்சி முகாமும் கற்றுத் தராது. எனவே இந்த வாரமே அவனுடைய கல்லூரி உடற்கல்வி இயக்குநரைப் போய்ப் பாருங்கள். பல்கலைக்கழக அணித் தேர்வு எப்போது, போட்டி எப்போது என்று கேட்டுத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிளப்புக்குத் தம்பியோடு நீங்களும் போங்கள். அந்தத் தேதிகளிலும், மாநில முகாம் அழைப்பு வந்தாலும் அவனை விடுவிப்போம் என்பதையும், மாதம் 8,000 என்பதையும், காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு கிளப்பைப் பாருங்கள். ஸ்டாப்பர் பேக்காக ஆடுகிறவன் என்றால் எனக்குத் தெரிவியுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் இன்னும் முல்லை நகர் மைதானத்தில்தான் இருக்கிறேன்.