இரவு இரண்டு மணிக்கு எழுப்பும் வலி

கேள்வி: எனக்கு வயது 43. பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலும் வலியும் வருகின்றன. இரவு இரண்டு மணிக்கு வலி எழுப்பிவிடும். இரண்டு பிஸ்கட்டும் கொஞ்சம் பாலும் சாப்பிட்டால் அடங்கும். வலிக்கும்போது கேஸ் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். போட்டால் நிற்கிறது, விட்டால் பத்து நாளில் திரும்ப வருகிறது. தோள்பட்டை வலிக்கு மெடிக்கலில் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிட்ட பிறகே போடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த அல்சர், காரத்தை நிறுத்து என்கிறார் மாமியார். நிறுத்தி ஆறு மாதமாகிறது, பலன் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும், டாக்டர்?
- வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய தோள்பட்டை மாத்திரைதான் என் கண்ணில் முதலில் பட்டது. மெடிக்கலில் சிறிய காகித உறையில் பிரித்துப் போட்டுத் தரும் இரண்டு மூன்று மாத்திரைகளில் ஒன்று பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையாக இருக்கும். என்னிடம் வரும் பலர் அந்த உறையைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டுவார்கள்; அட்டையிலிருந்து பிரித்த மாத்திரையில் பெயர் இருக்காது, நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். இரைப்பையின் உட்சுவரை அதன் அமிலமே அரித்துவிடாமல் காக்கும் சளிப்படலம் ஒன்று உண்டு. அந்தப் படலம் சுரக்கத் தூண்டும் பொருள்களின் உற்பத்தியை இவ்வகை மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. மருந்து ரத்தத்தில் கலந்த பிறகே இந்தப் பாதிப்பில் பெரும்பகுதி நிகழ்வதால், சாப்பிட்ட பிறகு போட்டாலும், மாத்திரைக்குப் பதில் ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் புண் வரும் ஆபத்து நீங்குவதில்லை. தோள்வலி தாங்க முடியாத நாளில் மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்.

வெறும் வயிற்றிலும் நள்ளிரவிலும் வந்து, எதையாவது சாப்பிட்டதும் அடங்கும் வலி, இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் புண் இருப்பவர்களிடம் அடிக்கடி காணப்படும் அடையாளம். ஆனால் புண்ணே இல்லாமல் இப்படி வலிப்பதும் உண்டு என்பதால், கடிதத்தைப் படித்துவிட்டு அல்சர் என்று முத்திரை குத்த எனக்கு விருப்பமில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

உங்கள் மாமியார் சொன்னதைத்தான் மருத்துவ உலகமும் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது. காரமும் கவலையும் மிகுந்த அமிலமும்தான் காரணம் என்ற அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரனும் பாரி மார்ஷலும். 1982இல் ஈஸ்டர் விடுமுறை காரணமாக வழக்கத்தைவிடச் சில நாள்கள் கூடுதலாக விட்டுவைக்கப்பட்ட ஆய்வகத் தட்டில், புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி வளர்ந்திருந்தது. 1984இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, அதன் வேலையை மெய்ப்பித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அக்கிருமி, தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துக்கொண்டு இரைப்பைச் சளிக்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே ஒட்டிக்கொள்ளும் இது பலருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை, சிலருக்குப் புண்ணாகிறது, மிகச் சிலருக்குப் புற்றுநோய்வரை போகிறது. கிருமியோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் புண்ணுக்கான வாய்ப்பு இன்னும் கூடும். காரம் எரிச்சலைக் கூட்டலாமே தவிர, புண்ணை உண்டாக்குவதில்லை. ஆகவே உங்கள் சமையலில் மிளகாயைச் சேர்க்கலாம், உடம்பு ஏற்கிற அளவுக்கு.

நீங்கள் போடும் கேஸ் மாத்திரை பான்டோபிரசோல் அல்லது ஒமிபிரசோலாக இருந்தால், அதை வலி வந்த பிறகு போடுவதில் முழுப் பயன் கிடையாது. சாப்பாட்டின்போதுதான் இரைப்பையின் அமிலச் சுரப்பு முடுக்கிவிடப்படுகிறது, முடுக்கிவிடப்பட்ட சுரப்பைத்தான் இம்மருந்தால் அடைக்க முடியும். அதனால் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போட வேண்டும். இன்னொரு சிக்கல், இம்மாத்திரை கிருமியை ஒழிக்காமல் அடக்கிவைப்பதால், போட்டுக்கொண்டிருக்கும்போது சோதித்தால் கிருமி இல்லை என்று தவறான முடிவு வரக்கூடும். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பு இதையும், நான்கு வாரம் முன்பு ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியதும் சில நாள்கள் அமிலம் கூடுதலாகச் சுரந்து எரிச்சல் அதிகமாகலாம் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள். இடையில் அமில முறிவு டானிக் குடித்துக்கொள்ளலாம்.

இரண்டு ஆண்டு வலியும் வலி மாத்திரைப் பழக்கமும் இருப்பதால் குடல்நோய் மருத்துவரைப் பார்த்து எண்டோஸ்கோபி செய்துகொள்வது நல்லது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து மெல்லிய குழாயை விடுவார்கள், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அங்கேயே துளியளவு சதையெடுத்துக் கிருமியையும் சோதிப்பார்கள். கிருமி இருந்தால் அமிலம் குறைக்கும் மருந்தோடு ஆன்டிபயாட்டிக்குகளைச் சேர்த்து வழக்கமாக 14 நாள் தருவார்கள். வாய் கசக்கிறது, வயிறு பிரட்டுகிறது என்று எட்டாம் நாள் நிறுத்திவிட்டால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அசையாததாகிவிடலாம். முடித்து நான்கு வாரம் கழித்து மறுசோதனையும் வேண்டும்.

மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனாலும், ரத்த வாந்தி எடுத்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரை போடுபவர்களுக்கும் மலம் கறுக்கும் என்றாலும், அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, ரத்தசோகை ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61, சர்க்கரை நோய் உண்டு. சில நாள்களாகக் கடைத்தெருவுக்கு நடந்தால் மேல்வயிற்றில் எரிந்து ஏப்பம் வருகிறது, நின்றால் சரியாகிறது. வாயு என்று சோடா குடிக்கிறார். நெஞ்சில் வலி இல்லை.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: நடந்தால் வந்து நின்றால் போகும் எரிச்சலை வயிற்றுக் கோளாறு என்று நான் ஏற்கமாட்டேன். இதய ரத்தக்குழாய் அடைப்பு மேல்வயிற்று எரிச்சலாகவே தோன்றுவதுண்டு, அதிலும் நீண்டகாலச் சர்க்கரையால் நரம்புகள் மந்தமானவர்களுக்கு நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். இந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் இன்றைக்கே அவரை இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓய்வில் எடுத்த இசிஜி சரியாக இருந்துவிட்டதென்று திரும்பிவிடாமல், நடக்கும்போதுதான் எரிகிறது என்பதை மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். உட்கார்ந்த பிறகும் எரிச்சல் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ சோடாவைத் தேடாமல் 108ஐ அழையுங்கள்.