கேள்வி-பதில்: தலை சிவந்திருந்தால் அசல் போயரா?

கறிக்காக வெள்ளாடு வளர்ப்பவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. சுருக்கித் தந்திருக்கிறேன். தலைப்பில் உள்ள போயர், கறிக்குப் பேர்போன தென்னாப்பிரிக்க வெள்ளாட்டு இனம்.

கேள்வி: என்னிடம் எங்கள் பக்கத்து நாட்டு இனமான கன்னி ஆடுகள் 40, முழுக்க மேய்ச்சல்தான். குட்டிகள் எடை கூட வேண்டும் என்று எட்டயபுரம் சந்தையில் ஒரு போயர் கிடா பார்த்தேன். உடம்பு வெள்ளை, தலை செம்பழுப்பு, தொங்கு காது. தரகர் 'அசல்' என்கிறார். வாங்கலாமா? (விளாத்திகுளம்)

பதில்: இந்த அடையாளங்களை மட்டும் வைத்து வாங்காதீர்கள். நாட்டு ஆட்டோடு போயர் சேர்ந்த கலப்புக் குட்டிகளுக்கும் வெள்ளை உடம்பும் சிவந்த தலையும் வருவதுண்டு. அவற்றைத்தான் சந்தை சந்தையாக அசல் விலைக்குத் தள்ளுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கிடா அரை ரத்தம் என்றால், உங்கள் கன்னி ஆட்டுக்குப் பிறக்கும் குட்டியில் கால் பங்குதான் போயர். முழு விலை கொடுத்தவருக்குக் கால் பங்கு! அதுவும் குட்டியைத் தராசில் ஏற்றும்போதுதான் தெரியவரும். அதற்குள் தரகரைத் தேடிப் பிடிக்க முடியாது.

அதனால் பண்ணைக்கே போங்கள். தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். காதில் எண் வில்லை, பிறந்த தேதி, மூன்றாம் மாத எடை எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். அப்புறம் கிடாவை நிற்கவைத்துப் பின்னால் குனிந்து, இரண்டு விதையும் ஒரே அளவில், கட்டியோ வீக்கமோ இல்லாமல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. 40 ஆட்டையும் போயருக்கு விடாதீர்கள். கரிசல் காட்டில் முள்ளும் வேலிக்கருவை நெற்றும் தின்று, வெயிலைத் தாங்கிக் குட்டியை வளர்ப்பது கன்னித் தாய்தான். அந்த ரத்தம் மந்தையில் குறையக் கூடாது. சுமாரான 20 ஆட்டைப் போயரோடு சேருங்கள். அதில் பிறக்கும் ஆண், பெண் அத்தனையும் விற்பனைக்கு. நல்ல 20 ஆட்டுக்கு நல்ல கன்னிக் கிடா. அடுத்த தாய்களை அதிலிருந்து எடுங்கள். 20 முதல் 25 ஆட்டுக்கு ஒரு கிடா என்பது கணக்கு, ஆகவே போயர் ஒன்றே போதும். அதற்கு மேய்ச்சல் மட்டும் பத்தாது, அடர்தீவனமும் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஜமுனாபாரி கிடா நல்ல உயரம், காதும் நீளம். கறிக் குட்டிக்கு ஏற்றதா? (ஆத்தூர், சேலம்)

பதில்: உயரத்துக்கும் காதுக்கும் கறிக்கடைக்காரர் காசு தரமாட்டார். அது உத்தரப் பிரதேசத்தில் யமுனை, சம்பல் கரையோர ஆடு. பாலுக்கும் கறிக்கும் வளர்ப்பது. பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். உங்கள் வட்டாரத்திலேயே சேலம் கருப்பு இருக்கிறது, அதில் தேடுங்கள். எதை வாங்கினாலும் கீழ்த்தாடையைப் பாருங்கள். பால் பல் விழுந்து இரண்டு பெரிய பல் இருந்தால் ஒன்று, ஒன்றரை வயது; எட்டும் வந்திருந்தால் ஏறக்குறைய நாலு வயது அல்லது அதற்கும் மேல். ஒன்றரை வயதுக் கிடா என்று சத்தியம் செய்து என்னிடம் ஒருவர் விற்றார். அதற்கு எட்டுப் பல்லும் முளைத்துத் தேய்ந்தே போயிருந்தது.

கேள்வி: வாட்ஸாப் வீடியோ பார்த்து 20 தலைச்சேரி ஆட்டுக்கு முழுப் பணமும் அனுப்பினேன். வந்ததும் பழைய ஆடுகளோடு கொட்டிலில் விட்டேன். இப்போது எல்லாவற்றுக்கும் மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல். 6 செத்துவிட்டன. (மணப்பாறை)

பதில்: முதலில் 1962-ஐ அழையுங்கள், கால்நடை மருத்துவர் வரட்டும். நீங்கள் சொல்வது ஆட்டுக்கொல்லி நோய் மாதிரி இருக்கிறது. செத்ததைக் கறிக்கு விற்காதீர்கள், ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். மற்றபடி என்ன சொல்ல? பார்க்காமல் பணம் அனுப்பியது ஒரு தவறு. புது ஆட்டைத் தனியே மூன்று, நான்கு வாரம் கட்டாதது அதைவிடப் பெரிய தவறு. இதைப் பல முறை எழுதிவிட்டேன். அந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது, ஒரு முறை போட்டால் சுமார் மூன்று வருடம் காக்கும். போட்டார்களா என்று விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

கேள்வி: கணவர் இறந்தபின் வந்த பணத்தில் 2 லட்சத்தை ஒரு ஆட்டுப் பண்ணையில் கட்டினேன். 'ஆடு நாங்கள் தருவோம், குட்டிகளை நாங்களே வாங்கிக்கொள்வோம்' என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நோஞ்சான் ஆடுகளாக 5 மட்டும் வந்தன. இப்போது அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. ஏமாந்தது என் தப்புதானே? (கோபி)

பதில்: உங்கள் தப்பு இல்லை அம்மா. எழுதிக் கொடுத்து ஏமாற்றியவன் தப்பு. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது, படித்தவர்கள்கூட இதே வாக்குறுதியை நம்பித்தான் பணத்தை இழந்தார்கள். பத்திரம், ரசீது, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர்களைக் காக்க 1997-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. ஈமு வழக்குகளும் அதன்கீழ்தான் நடந்தன. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாகச் செய்தவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது. புகாரில் அந்த வரியை மறக்காமல் எழுதுங்கள். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

கேள்வி: மேச்சேரிச் செம்மறியோடு வெள்ளாட்டைச் சேர்த்துப் புது இனம் எடுக்க முடியுமா? (ஓமலூர்)

பதில்: முடியாது. செம்மறிக்கு 54 குரோமோசோம், வெள்ளாட்டுக்கு 60. சினை பிடித்தாலும் கரு அநேகமாகப் பாதியிலேயே அழிந்துவிடும்.

கேள்வி: போயர் கலப்பில் பிறந்த ஒரு ஆண் குட்டி அபாரமாக வளர்கிறது. அதையே பொலி கிடாவாக வைத்துக்கொள்ளலாமா? வெளியே வாங்கும் செலவு மிச்சமாகுமே. (அரவக்குறிச்சி)

பதில்: வேண்டாம். அந்த வளர்ச்சியில் ஒரு பங்கு கலப்பால் வந்த வீரியம். கலப்பையும் கலப்பையும் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அது பாதியாகிவிடும். போதாததற்கு அது தன் தாயோடும் தங்கைகளோடும் சேரும். பக்ரீத் விலை வரும்போது விற்றுவிடுங்கள்.