பழைய தொழில்நுட்பக் கணிப்புகளில் எவை பலித்தன, எவை பொய்த்தன?

பெரும்பாலும் கருவியைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை யார், எவ்வளவு காசுக்கு, எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். நான் இருப்பது சூலூர்பேட்டையில். ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருப்பதால் செயற்கைக்கோளையே எடுத்துக்கொள்கிறேன்.

1945 அக்டோபரில் ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரு நிலையத்தை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், இப்படி மூன்று இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்றார். அப்போது உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கே கிடையாது! 1964-இல் சின்காம்-3 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் அந்த உயரத்தில் போய் நின்றது.

ஆனால் அவர் நினைத்தது ஆட்கள் தங்கி வேலை பார்க்கும் நிலையம். வால்வு ரேடியோ காலம் அது. வால்வு எரிந்துபோனால் மாற்ற ஆள் வேண்டாமா? 1947 கடைசியில் வால்வுக்குப் பதிலாக, அப்படி எரிந்துபோகாத டிரான்சிஸ்டர் வந்தது, மேலே ஆளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

ராக்கெட் ஏவும் நாளில் எங்கள் தெரு மொத்தமும் மொட்டைமாடியில்தான். வெளிச்சம் தெரிந்து கிட்டத்தட்ட ஒரு நிமிடம் கழித்துத்தான் சத்தம் வரும், ஜன்னல் கண்ணாடி அதிரும். ஹாலில் டிவி பார்க்கும் அம்மாவோ, "இன்னும் எண்ணி முடிக்கலையேடா" என்பார். ராக்கெட் அதற்குள் மரங்களுக்கு மேலே வந்திருக்கும். சிக்னல் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்ப கால் நொடிதான். மீதித் தாமதம் படத்தைச் சுருக்கி விரிக்கும் கருவிகளால். இதில் இன்னொரு கூத்து, டாடா பிளே டிடிஎச் சேவைக்கான ஜிசாட்-24 செயற்கைக்கோள் 2022-இல் ஏவப்பட்டது எங்கள் ஸ்ரீஹரிகோட்டாவில் இல்லை, தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவில்.

நம் பிள்ளைகள் காலத்தில் மின்சாரம் மீட்டர் வைக்கத் தேவையில்லாத அளவு மலிந்துவிடும் என்று 1954-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் சொன்னார். எங்கள் வீட்டு கரண்ட் பில்லை அவருக்குக் காட்ட வேண்டும்.

அப்புறம் வீடியோ போன். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏ.டி. அண்டு டி. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் 'பிக்சர்போன்' என்று ஒன்றைக் காட்டியது. 1970-இல் பிட்ஸ்பர்க்கில் மாதம் 160 டாலருக்கு விட்டார்கள், சீந்துவாரில்லை. முகம் பார்த்துப் பேச யாருக்கும் ஆசையில்லை என்று அன்று முடிவுகட்டியிருந்தால் அதுவும் தப்புக் கணிப்புதான். இன்று அம்மா சென்னையிலிருக்கும் பேத்தியோடு தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ காலில் பேசுகிறார். என்ன, பேத்திக்குப் பாதி நேரம் தெரிவது எங்கள் வீட்டு சீலிங் ஃபேன்தான்.