கசிவது மூடியா, வாயா? – வாசகர் கேள்வி பதில்

மூடிகள், அவற்றோடு சேரும் சென்சார்கள், அவற்றுக்கான காப்புரிமை ஆகியவை பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில்.

கோலி சோடா போடுகிறோம். ஒரே வாஷர், ஒரே கேஸ். ஆனாலும் சில பாட்டிலில் மறுநாளே கேஸ் இறங்கிவிடுகிறது. போன வாரம் நன்றாக இருந்த பாட்டில் இந்த வாரம் கசிகிறது. ஏன்?
– வாசகர், கும்பகோணம்

லண்டனைச் சேர்ந்த ஹிராம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற பாட்டில் இது. உள்ளே இருக்கும் கேஸே கோலியை மேலே தள்ளி, கழுத்துப் பள்ளத்தில் இருக்கும் ரப்பர் வாஷரோடு அழுத்திப் பிடிக்கிறது. எனவே அடைப்பு நடக்கும் இடம் கோலியைச் சுற்றிய மெல்லிய ஒரு வட்டக்கோடுதான். அந்தக் கோட்டில் ஒரு கீறல் இருந்தாலும் கேஸ் நிற்காது.

உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கோலி உருண்டு வேறு பக்கம் காட்டி உட்காருகிறது. ஆகவே ஒரே பாட்டில் ஒருநாள் கசிந்து மறுமுறை கசியாவிட்டால், குற்றம் பெரும்பாலும் கோலியில்: சில்லு பெயர்ந்திருக்கும். எப்போதுமே கசிந்தால் வாஷரையும் பள்ளத்தையும் பாருங்கள். நிரப்பிய பாட்டிலின் வாயில் சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். குமிழி கோலிக்கும் வாஷருக்கும் இடையே வந்தால் கோலியில் கீறலோ வாஷரின் உள்விளிம்பில் வெடிப்போ இருக்கும். வாஷருக்கு வெளிப்புறம், கண்ணாடியை ஒட்டி வந்தால் பள்ளத்தில் சர்க்கரைப்பாகு இறுகியிருக்கும், அல்லது வாஷர் சுருங்கியிருக்கும். வெந்நீரும் வளைந்த சிறு தூரிகையும் இறுகிய பாகை நீக்கிவிடும். வாஷரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் உடனே மறையாவிட்டால் அந்த வாஷரின் ஆயுள் முடிந்தது, மாற்றிவிடுங்கள். உணவுத் தரமுள்ள ரப்பரே வேண்டும்.

கசிவே இல்லாமலும் சோடா சப்பென்று இருக்கும். காரணம் தண்ணீரின் சூடு. சாதாரண காற்றழுத்தத்தில் 0 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 0.9 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சித்திரை மாதத்துத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி இருந்தால் சுமார் 0.67 லிட்டர்தான். கேஜ் முள் ஒரே இடத்தில் நின்றாலும் உள்ளே கரைவது பாதிக்கும் கீழே. கேஸ் ஏற்றும் முன் தண்ணீரைக் குளிர வையுங்கள். கீறல் விழுந்த பாட்டில் வெடிக்கக்கூடும். கம்பிவலைத் தடுப்பும் கண்ணுக்குக் கவசமும் இல்லாமல் நிரப்பவே கூடாது.

கலர் பாட்டில் மூடியில் எத்தனை பல்? அதில் காப்புரிமை பெற என்ன இருக்கிறது?
– பள்ளி மாணவி, திருவாரூர்

இப்போது 21. பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் 1892-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற தொடக்ககால மூடிகளில் 24 பற்கள் இருந்தன. பல் பாட்டிலின் உதட்டைக் கவ்விப் பிடிக்க மட்டுமே. கேஸை அடைப்பது மூடிக்குள் இருக்கும் மெல்லிய தட்டு. அன்று அது தக்கை, இன்று பிளாஸ்டிக். கவ்வுவதற்கு வளைந்த தகரம், அடைப்பதற்கு நசுங்கும் தட்டு என்று வேலையைப் பிரித்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் விலையில் அதைச் செய்துகாட்டியதுதான் அவருடைய கண்டுபிடிப்பு.

எங்கள் மகளிர் குழு மரச்செக்குத் தேங்காய் எண்ணெயைப் பெட் பாட்டிலில் நிரப்பி, கைப்பிடி இண்டக்‌ஷன் சீலரால் ஃபாயில் ஒட்டுகிறது. மார்கழியில் ஒரு புகாரும் இல்லை. பங்குனியில் பெட்டி பெட்டியாகக் கசிந்து திரும்பி வருகிறது. சீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சென்சார் வாங்கலாமா?
– வாசகியர், பேராவூரணி

மார்கழியிலும் சீல் பழுதாகவே இருந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உறைந்த எண்ணெய் வெளியே வராது. வெயில் ஏறியதும் இளகி, இருந்த வழியில் வந்துவிட்டது. இனிமேல் சோதனையை எண்ணெய் நன்றாக இளகிய நிலையில்தான் செய்ய வேண்டும்.

சீலரில் உள்ள கம்பிச்சுருள் வேகமாக மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதனால் அலுமினிய ஃபாயிலுக்குள் சுழல் மின்னோட்டம் ஓடி ஃபாயில் சூடாகிறது. அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் படலம் உருகி பாட்டில் வாயில் ஒட்டுகிறது. இம்முறைக்கு அமெரிக்காவில் 1960-இல் காப்புரிமை கிடைத்தது. 1982-இல் சிகாகோ பகுதியில் மாத்திரைக் குப்பிகளில் சயனைடு கலக்கப்பட்டு ஏழு பேர் இறந்த பிறகு, திறந்தால் தடம் தெரியும் சீல்கள் எல்லா இடத்திலும் பரவின.

சூடு, நேரம், அழுத்தம் மூன்றும் சேர்ந்தால்தான் ஒட்டும். முதல் இரண்டையும் சீலர் தருகிறது. அழுத்தத்தைத் தருவது நீங்கள் திருகிய மூடி மட்டுமே. ஒருவர் இறுக்கமாகவும் இன்னொருவர் தளர்வாகவும் திருகுவதே கசிவுக்குப் பெரும்பாலும் காரணம். நடைமுறைக் கணக்கு ஒன்று உண்டு: மூடியின் விட்டம் எத்தனை மி.மீ. என்று பார்த்து, அதில் பாதியை அங்குல-பவுண்டு முறுக்கு விசையாக வையுங்கள். 28 மி.மீ. மூடிக்கு 14, அதாவது சுமார் 1.6 நியூட்டன் மீட்டர். சீல் ஆனபின் லைனர் (மூடிக்குள் இருக்கும் அட்டை, ஃபாயில், படலம் சேர்ந்த தட்டு) சற்று அமிழ்வதால் மூடி தளரும். ஆறியதும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

அடுத்தது லைனர். பெட் பாட்டிலுக்குப் பெட்டோடு ஒட்டும் லைனர்தான் வேண்டும். பாலித்தீன் படலமுள்ள லைனரை எவ்வளவு சூடாக்கினாலும் பெட்டில் பிடிக்காது. கையால் உரித்தால் தோல் மாதிரி முழுசாக வந்துவிடும். வாங்கும்போது கடைக்காரரிடம் பாட்டில் எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்லியே கேளுங்கள். நிரப்பும்போது வாய் விளிம்பில் எண்ணெய் வழிந்தால் அந்த இடமும் ஒட்டாது. புனல் முனையை வாய்க்குள் இறக்கி நிரப்புங்கள், சொட்டினால் உலர்ந்த துணியால் துடையுங்கள். சீலர் மூடியின் நடுவில் சரியாக உட்காராவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டும். சூடு மிஞ்சினால் கருகல் வாடை வரும், அட்டை பழுப்பேறும். அப்போது நேரத்தைக் குறையுங்கள். தகர மூடியை இந்தச் சீலரில் வைக்கவே கூடாது, மூடிதான் சூடாகும்.

சோதனை எளிது. நிரப்பிய பாட்டில்கள் சிலவற்றை எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டு, ஃபாயிலோடு காகிதத்தின் மேல் ஓர் இரவு கவிழ்த்து வையுங்கள். காகிதத்தில் எண்ணெய்க் கறை விழுந்த இடமே சீல் விட்ட இடம்.

சென்சார் இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. அருகில் உள்ள உலோகத்தை உணரும் மலிவான அண்மைச் சென்சார் மூடிக்குள் ஃபாயில் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ஒட்டியிருக்கிறதா என்று சொல்லாது. சீலான உடனே மூடியின் மேல் வெப்ப வளையம் முழுதாக இருக்கிறதா என்று அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும் கருவிகள் உண்டு, ஆனால் அவை பெரிய ஆலைகளுக்கானவை. முறுக்கு விசை அளக்கும் சிறு கருவிக்குச் செலவிடுவது உங்களுக்குப் பலன் தரும்.

அரிசி ஆலை ஹாப்பரில் (நெல் கொட்டும் புனல் தொட்டியில்) கெப்பாசிட்டிவ் சென்சார் வைத்தோம். குறுவை நெல் வரும்போது காலியாக இருந்தாலும் நிறைந்ததாகக் காட்டுகிறது.
– வாசகர், மன்னார்குடி

அந்தச் சென்சார் எதிரே உள்ள பொருளின் மின்காப்பு மாறிலியை, அதாவது மின்புலத்துக்கு அந்தப் பொருள் எவ்வளவு எதிர்வினை காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண்ணை, உணர்கிறது. காற்றுக்கு அது 1. உலர்ந்த நெல்லுக்குச் சில அலகுகள். தண்ணீருக்குச் சுமார் 80. மழையில் நனைந்த ஈர நெல்லின் தூசி முகப்பில் படிந்து பிடித்துக்கொண்டால், எதிரே நெல் நிற்பதாகவே அது நினைக்கும். ஹாப்பர் காலியாக, முகப்பில் தூசி படிந்திருக்கும்போதே உணர்திறன் திருகை விளக்கு அணையும்வரை குறையுங்கள். பிறகு நன்றாகக் காய்ந்த நெல்லை நிரப்பி விளக்கு எரிகிறதா பாருங்கள். இரண்டும் ஒரே திருகு நிலையில் அமையாவிட்டால் அந்த இடத்துக்கு இந்தச் சென்சார் பொருந்தாது. மெதுவாகச் சுழலும் துடுப்பு சுவிட்சுக்கு மாறுங்கள். நெல் துடுப்பைத் தடுத்ததும் உள்ளே மைக்ரோசுவிட்ச் மோட்டாரை நிறுத்தும், ஈரம் அதைப் பாதிக்காது. நெல் நேராக விழும் இடத்தில் துடுப்பைப் பொருத்தாதீர்கள். தண்டின் சீல் வழியே தவிடு புகுவதுதான் அதன் பலவீனம், அதைத் தவறாமல் பாருங்கள்.

தானிய டிரம் மூடி முழுதாக மூடாவிட்டால் ஒலிக்கும்படி காந்தமும், காந்தம் அருகில் வந்தால் இயங்கும் ரீட் சுவிட்சும் வைத்துச் செய்திருக்கிறேன். கல்லூரிக் கண்காட்சியில் வைத்தேன். காப்புரிமை கிடைக்குமா?
– பட்டறை உரிமையாளர், மயிலாடுதுறை

முதலில் கண்காட்சி. விண்ணப்பத்துக்கு முன் பொதுவெளியில் வெளிப்பட்டது புதுமை இழந்துவிடும். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு 12 மாத விலக்கு உண்டு. சாதாரணக் கல்லூரிக் கண்காட்சி அதில் வராது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தவருக்கு மூடிக்குள் இருக்கும் அமைப்பு தெரிய வழியில்லை என்றால் அந்த உள்ளமைப்புக்கு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. யாரிடமும் திறந்து காட்டியிருக்கக் கூடாது. இனி வீடியோவும் போடாதீர்கள்.

அடுத்த தடை 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு. தெரிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்யும்படி சேர்த்து வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. டிரம், காந்தம், ரீட் சுவிட்ச், பஸ்ஸர் என்று எழுதினால் அங்கேயே நின்றுவிடும். காஸ்கெட் (மூடியை அடைக்கும் ரப்பர் வளையம்) போதிய அளவு நசுங்கிய பிறகே காந்தம் சுவிட்சின் எல்லைக்குள் வரும்படி மரையின் ஏற்றத்தையும் காந்தத்தின் இடத்தையும் அமைத்திருக்கிறீர்களா? அப்படியானால் பாகங்கள் ஒன்றையொன்று சார்ந்து வேலை செய்கின்றன. மூடி ‘இருக்கிறது’ என்பதை அல்ல, ‘அடைத்திருக்கிறது’ என்பதை உங்கள் கருவி காட்டுகிறது. உரிமைக்கோரலை, அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் பகுதியை, அங்கேதான் எழுத வேண்டும். 1.5 மி.மீ. போன்ற அளவுகளை முதல் கோரலில் பூட்டிவிடாதீர்கள், யாராவது 1.7 வைத்துத் தப்பிவிடுவார். அவற்றை முதல் கோரலைச் சார்ந்து பின்னால் வரும் சார்புக் கோரல்களில் வையுங்கள்.

தேடலை நீங்களே தொடங்கலாம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல் இலவசம். கொள்கலன்கள் ‘பி65டி’ (B65D) வகுப்பிலும் மட்டம் அளக்கும் கருவிகள் ‘ஜி01எஃப் 23’ (G01F 23) வகுப்பிலும் இருக்கும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணத்தை) தனிநபர் இணையவழியில் தாக்கல் செய்ய 1,600 ரூபாய். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். பரிசோதனை கோரும் படிவம் 18-க்கு 4,000 ரூபாய். அதை 31 மாதத்துக்குள் தர வேண்டும்; பலர் தவறவிடுவது இதைத்தான். விண்ணப்பதாரர்களில் ஒரு பெண்ணாவது இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். கிடைத்தால் தாக்கல் நாளிலிருந்து 20 ஆண்டு.

தற்காலிகக் குறிப்பு என்பதால் இரண்டு பத்தியில் முடித்துவிடாதீர்கள். மூடி திறந்த நிலை, பாதி திருகிய நிலை, முழுதும் இறுகிய நிலை மூன்றுக்கும் வெட்டுத்தோற்றப் படம் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடுங்கள். முதல் குறிப்பில் இல்லாத பாகத்தைப் பின்னால் சேர்த்தால், அந்தப் பாகத்துக்கு முதல் தாக்கல் தேதி கிடைக்காது.